தாம்பூலப் பையில் என் புத்தகம்

இந்தத் தாம்பரத்தில் டிஜிட்டல் நாணயத்தைப் பற்றித் தமிழில் எழுதியே குடும்பம் நடத்துகிற ஆள் நான் ஒருத்திதான். தற்பெருமை என்றால் தற்பெருமைதான். பிட்காயினைப் பற்றி எழுத ஆரம்பித்தபோது, "இதையெல்லாம் தமிழ்ல யாரு படிக்கப்போறா பிளஸ்ஸி?" என்று சர்ச் வாசலில் சிரித்தார்கள். மின்னூல் போட்டேன், விற்றது. வாராவாரம் இணைய மடல் எழுதினேன், சந்தா கட்டினார்கள். போன வருஷம் குரோம்பேட்டை மோகன்ராஜ் எல்லாவற்றையும் தொகுத்து அச்சுப் புத்தகமாகவே வெளியிட்டார்.

அவரிடமிருந்து போன வாரம் போன்.

"மேடம், ஸ்டாக் காலி! ஒரே பார்ட்டி ஐந்நூறு காப்பி அள்ளிட்டுப் போயிட்டாங்க. செகண்ட் எடிஷனுக்கு ரெடியாகுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பார்ட்டி யார் என்பது சனிக்கிழமை தெரிந்தது. என் அண்ணன் மனைவி சாராள் வந்தார். டீச்சராக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றவர். கையில் மஞ்சள் தாம்பூலப் பை. உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு, என் புத்தகம்.

"கோவிலம்பாக்கம் மண்டபத்துல மீட்டிங் போனேன். புதுசா ஒரு காயின் விடுறாங்க. டிபன் போட்டு, எல்லாருக்கும் உன் புக்கைக் குடுத்தாங்க. எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா? மாசம் பத்து பர்சென்ட் கேரண்டியாம். நாளைக்கு சாயங்காலம் ரிட்டயர்மென்ட் பணத்தை மொத்தமா போடப்போறேன்."



"அண்ணி, அது ஏமாத்து வேலை. போடாதீங்க."

"உன் புக்கையே குடுக்குறாங்க, ஏமாத்து வேலையா? நீ மட்டும்தான் இதுல சம்பாதிக்கணுமா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் சொன்னால் எடுபடாது, மேடையில் சொன்னால்தான் ஏறும் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் மண்டபத்துக்குள் நுழைந்ததுமே காயின் முதலாளி சம்பத் ஓடி வந்தார். பின்னட்டையில் என் போட்டோவைப் பார்த்திருக்கிறார்.

"ஆத்தர் மேடமே வந்துட்டாங்க! வாங்க, வாங்க!"

பொன்னாடை போர்த்தி மைக்கையும் கையில் கொடுத்தார். அந்த மகராசன் உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. முன்னட்டையில் தங்க நாணயம் மின்னியது, வாங்கிவிட்டார். நாற்காலிகளில் இன்றைக்கும் பைகள் தயாராக இருந்தன. மூன்றாவது வரிசையில் அண்ணி, கையில் செக்கோடு.

"எல்லாரும் புக்கை எடுங்க. எண்பத்தி நாலாம் பக்கம். யாராவது சத்தமா படிங்க," என்றேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். கோவிலம்பாக்கத்துக்காரர், நிலம் விற்ற பணத்தோடு வந்திருந்தவர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"'நிச்சய லாபம் என்று சொல்லி ஒருவர் நாணயம் விற்றால், அதை வேறு எங்கே விற்கலாம் என்று கேளுங்கள். எங்களிடம் மட்டும்தான் என்றால், எழுந்து வந்துவிடுங்கள்.'"

படித்தவர் சம்பத்தைப் பார்த்தார். "இன்னா சார், உன் காயினை வேற எங்க விக்கலாம்?"

"அதெல்லாம் எங்க ஆப்லயே வித்துக்கலாம் ஐயா."

"நீ ஆப்பை மூடிக்கினு போய்ட்டா நான் யாராண்ட போறது?"

சம்பத் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. "உங்க செலவுல இந்தப் புக்கை எல்லாருக்கும் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி சார்," என்றேன். மண்டபமே சிரித்தது. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் டிபனுக்குக்கூட நிற்காமல் வாசலுக்கு நடந்தார்கள். நான் மேடையை விட்டு ராணி மாதிரி இறங்கினேன். ஐந்நூறு வாசகர்களை ஒரே நாளில் பிடித்த எழுத்தாளர் யார் இருக்கிறார்கள்?

வெளியே அண்ணி தனியாக நின்றிருந்தார். செக்கைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"நான் உன் புக்கைப் படிக்கவே இல்ல பிளஸ்ஸி. மேல உன் பேரு இருந்துச்சா, அது போதும்னு நெனச்சிட்டேன்."

இத்தனை வருஷம் எழுதி எழுதிச் சம்பாதித்த பேரைக் கண்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயந்தேன்.