மிமிக்கு விசாரணை

சென்னைத் துறைமுகத்தில் நாங்கள் கப்பலை விட்டு இறங்கியபோது, எங்கள் அகதிச் சீட்டில் மிமியின் பெயருக்கு நேரே ஒரு குமாஸ்தா பென்சிலால் சுழித்துவிட்டான். "முகம் பர்மாக்கார முகமா இருக்கே. உங்க ஊர்ல விசாரிப்பாங்க" என்றான். அவன் கை விளங்காமல் போக. அறுபத்து நாலாம் வருஷம் அது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முகம் பொய் சொல்லவில்லை. மிமி நான் பெற்றவள் அல்ல. ரங்கூனில் எங்கள் அடுத்த வீட்டு மா சேனின் கடைக்குட்டி. புருஷன் செத்து ஐந்து பிள்ளைகளோடு தவித்த மா சேன், பிள்ளையில்லாத என் மடியில் இவளைப் போட்டாள். அப்போது இவளுக்கு நாலு வயது, இப்போது எட்டு. இந்தியர்களை அந்த நாடு விரட்டியபோது இவளை எங்கள் மகள் என்று எழுதிக் கூட்டி வந்துவிட்டோம். உண்மை தெரிந்தால் அயல்நாட்டுப் பிள்ளை என்று திருப்பிக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும்?

எங்கள் சொந்த ஊரான இலத்தூரில், என் கொழுந்தன் வீட்டில், ஒரு மாதம் மிமிக்கு விசாரணைப் பாடம். என் புருஷன் மந்திரமூர்த்தி அதிகாரி மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

"பேரு என்ன?"

"சந்தனமாரி." சீட்டில் மிமிக்கு நாங்கள் எழுதிய பெயர் அது.

"பங்குனி உத்தரத்துக்கு எங்க போவீங்க?"

"சாஸ்தா கோயிலுக்கு."

"இவ யாரு?" என்று என்னைக் காட்டுவார்.

"டோடோ."

டோடோ என்றால் பர்மா பாஷையில் அத்தை. "அம்மான்னு சொல்லுட்டி!" என்று அவள் தொடையில் கிள்ளினேன். கிள்ளிவிட்டு நானே உட்கார்ந்து அழுதேன். மற்றதெல்லாம் கற்றுக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைதான் அவள் வாயில் வரவில்லை.

ஆடிச் சாரலில் குற்றாலத்துப் பங்களாவில் வந்து தங்கியிருந்தார் விசாரணை அதிகாரி. வழியெல்லாம் உடம்பில் எண்ணெய் வழிய அருவிக்குப் போகிறவர்களின் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டு நனையாமல் சேலைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். பெயர் சொன்னாள், கோயில் சொன்னாள். பிறகு என்னைக் காட்டி, "இவங்கதான் உன் அம்மாவா?" என்றார்.

மிமி என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல. என்னையத் தவிட்டுக்கு வாங்குனாங்க."

இரண்டு நாள் முன்னால் கொழுந்தன் பெண்டாட்டி தன் மகனைக் கேலி செய்த வார்த்தை அது. அதை இவள் பிடித்து வைத்திருக்கிறாள்.

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க அம்மையும் என்னைய அப்படித்தான் சொல்லுவா! ஒரு படி தவிட்டுக்கு வாங்குனாளாம். ரங்கூனுக்குப் போயும் இதை விடலியா நீங்க? சரிதான், நம்ம வீட்டுப் பிள்ளையேதான்."

ரப்பரை எடுத்துப் பென்சில் சுழியை அழித்தார்.

மிமி மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தமிழ் போதவில்லை அவளுக்கு. பர்மா பாஷையில் கத்தினாள்: 'இவள் என் அம்மா இல்லை. என் அம்மா ரங்கூனில் இருக்கிறாள். என்னை அவளிடம் அனுப்புங்கள்.' முதலில் சொன்னதும் வாய் தவறி வந்ததல்ல என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்று என்னைக் கேட்டார் அதிகாரி.

என் புருஷன் தரையைப் பார்த்தார்.

"பசிக்குதாம், அய்யா" என்றேன்.

"அடப் பாவம். முதல்ல கூட்டிட்டுப் போயி இட்லி வாங்கிக் குடுங்க." முத்திரையைக் குத்திச் சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வாசல்படியில் மிமி என் கையை உதறினாள்.

"எனக்குப் பசிக்கல" என்றாள். நல்ல தமிழ்.