முக்கால் மணி நேரத்தில் விற்ற லேப்டாப்

லேப்டாப்பை எங்கே விற்பது என்று பதினொரு நாள் யோசித்தேன். விற்கத்தான் வேண்டுமா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்த முடிவைக் காண்ட்ராக்டர் வந்து போன அன்றே எடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருடம் கட்டட வரைபடம் போட்டவர். படத்தின் மூலையில் அவர் பெயர் இருந்தால் போதும், வேறு யாரிடமும் காட்டாமல் கம்பி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. சாப்பிட்டதை மறப்பார், மகளுக்குக் கல்யாணம் ஆனதை மறப்பார். படம் போடுவதை மட்டும் விடவில்லை. நானும் நோயைப் பற்றி வெளியில் மூச்சு விடவில்லை. அதனால் பழைய பழக்கத்தில் வேலை வந்துகொண்டே இருந்தது. அவரும் போட்டு மெயிலில் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

அன்று காண்ட்ராக்டர் வாசலிலேயே நின்று தணிந்த குரலில் பேசினார்.

"சார் அனுப்பின படத்துல பால்கனியைத் தாங்கற மேல்கம்பியே இல்லம்மா. நாங்களும் அவர் பேரைப் பாத்துட்டு அப்படியே கட்டிட்டோம். கான்கிரீட் போடற அன்னிக்குக் காலைல மேஸ்திரி கண்ணுல பட்டுச்சு. இல்லன்னா நாலு பேர் போய் நின்னிருந்தா கீழ வந்திருக்கும்."

"அவருக்குக் கொஞ்ச நாளா கண்ணு சரியில்ல" என்று சமாளித்தேன். மனுஷர் நம்பிவிட்டார். எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

விற்கும்வரை தாங்கட்டும் என்று முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்தேன். மறுநாளே இவர் மாடி வீட்டுக்காரரிடம் போய் அவர்கள் வைஃபை பாஸ்வேர்டை வாங்கி வந்துவிட்டார். காலையில் பல் தேய்த்தாரா என்று கேட்டால் முழிப்பார். இதற்கெல்லாம் மூளை கத்தி. லேப்டாப்பை ஒளித்து வைத்தேன், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்தார். அது சீக்கிரம் வீட்டை விட்டே போக வேண்டும் என்று ஆயிற்று.

"ஆன்லைன்ல போடும்மா, நல்ல விலைக்குப் போகும்" என்றாள் மகள் போனில். வாங்க வருகிறவன் வீட்டில் உட்கார்ந்து திறந்து பார்ப்பான். இவர் அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதற்கு வந்தான் என்றே தெரியாமல் அவனுக்குப் படம் போடக் கற்றுக்கொடுப்பார். அந்தக் கூத்து வேண்டாம்.

மருமகன் ஒரு பெரிய ஷோரூமைச் சொன்னார். பழையதை எடுத்துக்கொண்டு, பிரித்து, பாகம் பாகமாக அனுப்பிவிடுவார்களாம். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. திரும்பி வர வழியே இல்லை. ஆனால் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மத்தியானம் இவர் தூங்குவது முக்கால் மணி நேரம்தான். விழிக்கும்போது நான் இல்லாவிட்டால் அறை அறையாகத் தேடுவார். ஒருமுறை வந்து பார்த்தபோது, கட்டிலுக்கு அடியில் குனிந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொன்னால் நோயையும் சொல்ல வேண்டும். என் வீறாப்பு விடவில்லை.

ஆக, மிஞ்சியது தெருமுனையில் இருக்கும் செகண்ட்ஹேண்ட் கடை. அவர் கண்ணயர்ந்ததும் காய்கறிப் பைக்குள் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலை உடைந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நாலைந்து எழுத்துகள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன.

"ஏம்மா விக்கறீங்க? சார் உயிரா வச்சிருப்பாரே."

"பொண்ணு புதுசு வாங்கிக் குடுத்திருக்கா." பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "இதை முன்னாடி கண்ணாடி அலமாரில வைப்பீங்களா?"

"ரெண்டு நாள்ல மொத்த வியாபாரி வந்து அள்ளிட்டுப் போயிடுவாரு. உள்ள இருக்கறதை எல்லாம் துடைச்சு அழிச்சுட்டுதான் குடுப்பேன். பயப்படாதீங்க."

நான் பயந்தது அதற்கில்லை. 'இவர் வந்து கேட்டால் கொடுக்காதீர்கள்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்.

சர்வீசுக்குக் கொடுத்திருக்கிறது என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னேன். சாயங்காலம் தெருமுனை வரை போய் வருவது அவர் வழக்கம். இரண்டு நாள் சாக்குச் சொல்லி நிறுத்தி வைத்தேன். மூன்றாம் நாள் வியாபாரி வந்துபோயிருப்பான் என்று நானே முடிவு கட்டி, அவரை வெளியே போக விட்டுவிட்டேன். போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். நான் வடிகட்டின முட்டாள்.

அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், நெஞ்சோடு ஒரு பையை அணைத்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நேராக மேஜைக்குப் போய் வெளியே எடுத்து வைத்தார். அதே பிளாஸ்திரி.

"புதுசு வாங்கிட்டேன். கார்டுலதான். நம்பரைக் கரெக்டா போட்டுட்டேன்" என்றார். கார்டின் ரகசிய எண் என் பிறந்த வருடம்.

"கடைக்காரன் இருக்கானே, 'சார், இது உங்களுதுதானே'ன்னு சிரிக்கறான். நல்லாதான் வியாபாரம் பண்றான். ஆனா கை வச்சதுமே பழகின மாதிரி இருந்துச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சார்ஜர் வயரை அவர் கையிலிருந்து வாங்கப் போனேன். அவர் மரியாதையாகக் கையை விலக்கிக்கொண்டார்.

"இருக்கட்டும்மா, நானே பாத்துக்கறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஒரு உதவி பண்ணணும். இதை வாங்கினதை என் சம்சாரத்துகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், ரொம்பக் கவலைப்படுவா."

மகளை மறந்திருக்கிறார். பாதி சாப்பாட்டில் சாப்பாட்டை மறந்திருக்கிறார். என்னை மறந்தது அதுதான் முதல் தடவை.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் லேப்டாப்பைத் திறந்தார். திறந்துவிட்டு வாசலைப் பார்த்தார். அடுத்த அறையை எட்டிப் பார்த்தார். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார்.

"அவ எங்க போனா? உங்ககிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போனாளா?"