தொட்டி நிழலில் என்ஜின்

ஹாலாஸ்யம் காலமாகி மூன்று மாதம் கழித்து ஒரு நாள், அவருடைய பழைய மாரிஸ் மைனர் காரை அவர் தம்பி அனந்தராமன் ஸ்டார்ட் செய்து பார்த்தான். முன்னால் கைப்பிடியைச் செருகி நாலு சுற்று சுற்றியதும் என்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. சத்தம் கேட்டு அவன் மன்னி, ஹாலாஸ்யத்தின் மனைவி ஸ்யாமளா, ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு ஓடிவந்தாள். அங்கே நின்றது அனந்தராமன்.

"நீயா?" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எஸ்.எஸ். காலனியில் அந்தத் தெருவுக்கே பழகிய சத்தம் அது. ஹாலாஸ்யம் மில் ஆபீஸிலிருந்து மத்தியானம் ஒன்று பத்துக்குச் சாப்பிட வருவார். தெருமுனையில் கார் திரும்பும்போதே ஸ்யாமளா இலையைப் போட்டுவிடுவாள். போன ஐப்பசியில் ஒரு நாள் அவர் ஆபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். அன்று போட்ட இலை சாயங்காலம் வரை கூடத்தில் கிடந்தது.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்யாமளாவுக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. எழுபத்து நாலு ஜூன் முதல் திங்கட்கிழமை சேர வேண்டும். வயது முப்பத்தாறு, குழந்தை இல்லை. இந்த வேலையையும் விட்டால் மிச்ச ஆயுள் முழுக்க அவள் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள் என்று அனந்தராமன் பயந்தான். அண்ணாவின் காரிலேயே அவளைக் கொண்டுபோய் விட வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் மட்டும் அதில் இருக்கக் கூடாது. பெட்ரோல் விலையும் ஏறிக்கிடந்தது.

அவன் மில்லில் எலக்ட்ரிகல் சூபர்வைசர். பஞ்சு மூட்டை இழுக்கும் பேட்டரி வண்டி ஒன்றைக் கழித்துப் போட்டபோது அதன் மோட்டாரைக் கேட்டு வாங்கினான். என்ஜின் இருந்த இடத்தில் அந்த மோட்டார்; கியர் பெட்டி அப்படியே இருக்கும். இரண்டையும் இணைக்கக் கனத்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைசலுக்குக் கொடுத்தான். இரண்டு தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் வண்டி உதறும். அதனால் மூன்று முறை திருப்பிக் கடையச் சொன்னான். பின் சீட்டுக்கு அடியில் இரண்டு, டிக்கியில் இரண்டு என்று நாலு லாரி பேட்டரிகள். பெடலைப் பாதி மிதித்தால் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபத்து நாலு வோல்ட் கொடுக்கும், வண்டி நடக்கும். முழுக்க மிதித்தால் நாலும் வரிசையாகி நாற்பத்தெட்டு; வண்டி ஓடும். எலெக்ட்ரிக் மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு பலம் உண்டு. உறுமி வேகம் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை. அதுதான் அவனுக்கு அதில் பிடித்தது.

என்ஜினை இறக்கக் காளவாசல் பட்டறையிலிருந்து மெக்கானிக் மொக்கையன் வந்தான். சங்கிலியில் அது தொங்கியபோது, "என்ன சார், இம்புட்டு கனம்? பெரிய சார் உள்ளயே உக்காந்திருக்காரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கட்டை போட்டு அதை இறக்கி வைத்தார்கள். அப்புறம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனான்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அது பேசியது.

டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். ஸ்யாமளா அடுப்படி ஜன்னலில் நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. மறுநாளும் அதே நேரம் கேட்டது. மூன்றாம் நாள் அவள் கூடத்தில் இலை போட்டாள்.

என்ஜினை எடுக்க வந்த மொக்கையன் அதைக் கேட்டுவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டான். ஸ்யாமளா பக்கத்தில் நிற்பதை அவன் கவனிக்கவில்லை. "சார், நான் இருவது வருசமா இஞ்சின் இறக்குறேன். இது இப்பத்தான் அணைச்ச இஞ்சின் பேசுற பேச்சு. எனக்கு வேணாம் சார். நான் வாரேன்."

அன்று ராத்திரி அவள் சொன்னாள்: "நான் பள்ளிக்கூடத்துக்குப் போகலைடா அனந்து. மத்தியானம் ஆத்துல ஆள் இருக்கணும்."

அனந்தராமன் நாலு நாள் பின்கட்டிலேயே உட்கார்ந்தான். ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவளைக் கூப்பிட்டான்.

"மன்னி, பாருங்கோ. பன்னெண்டே முக்காலுக்குத் தொட்டியோட நிழல் இந்த என்ஜின் மேல ஏற ஆரம்பிக்கிறது. அதுவரைக்கும் வெயில்ல காய்ஞ்ச இரும்பு ஆற ஆரம்பிக்கும். இந்தப் புகைக்குழாய் மெல்லிசு, சீக்கிரம் சுருங்கும். இந்தப் பெரிய கட்டி மெதுவாச் சுருங்கும். ரெண்டையும் போல்ட்டு இறுக்கிப் பிடிச்சிண்டிருக்கு. தாங்காம ஒண்ணு மேல ஒண்ணு துளி வழுக்கும். அந்த வழுக்கல்தான் டிக். இப்போ நானே நிழல் பண்றேன்."

கோணியை விரித்து இரண்டு கழியில் கட்டினான். இருவரும் காத்திருந்தார்கள். கால் மணி ஆயிற்று.

டிக்.

ஸ்யாமளா கோணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ கோணியைக் கட்டினா உங்கண்ணா பதினொரு மணிக்கே சாப்பிட வந்துடுவாரா?" என்றாள். சிரிப்பு வந்தது. ஆறு மாதமாக வராத அழுகையும் சேர்ந்து வந்தது. அன்று மத்தியானம் அவள் இலை போடவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. கார் தெருவில் இறங்கியபோது டயருக்கடியில் சரளை நெரிகிற சத்தம் மட்டும்தான். பழங்காநத்தம் தாண்டி, பசுமலை அடிவாரத்தில் பள்ளிக்கூட வாசலில் ஸ்யாமளா இறங்கினாள். "சத்தமே இல்லாம வரதேடா, திருடன் மாதிரி," என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

அனந்தராமன் லீவு போட்டிருந்தான். வீட்டுக்கு வந்து பேட்டரிகளுக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, பின்கட்டுப் படியில் உட்கார்ந்தான். மேகம் விலகவேயில்லை. தொட்டிக்கு நிழல் இல்லை. அவன் கைக்கும் நிழல் இல்லை.

ஒன்று பத்துக்கு என்ஜின் டிக் என்றது.

அவன் எண்ண ஆரம்பித்தான். தொட்டி நிழலில் இருக்கும்போது ஏழெட்டு டிக் வரும். அதுவும் நிமிஷத்துக்கு ஒன்று. இன்று முதலில் சடசடவென்று வந்தது. பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போனது. நாற்பது வரை எண்ணினான். மில்லிலிருந்து ஓடிவந்து அப்போதுதான் அணைத்த என்ஜின் இப்படித்தான் ஆறும். நாலு மாதமாக அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. தீப்பொறி கொடுக்க ஒரு ஒயர் கிடையாது. கிட்டப் போனான். சுட்ட எண்ணெய் வாடை வந்தது.

புகைக்குழாய் மேல் உள்ளங்கையை வைத்தான். தோல் பொசுங்கியது.

கையைத் தொட்டித் தண்ணீரில் முக்கியபடி வெகுநேரம் யோசித்தான். சூடு வந்தால் வந்த வழி ஒன்று இருக்க வேண்டும். வெயில், நெருப்பு, மின்சாரம், உராய்வு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றையும் கீழே வைத்தான். கடைசியில் எழுந்து உள்ளே போனான். காலையில் மன்னி வடித்துவைத்த சாதம் இருந்தது. கூடத்தில் ஒரு இலை போட்டான். சாதமும் குழம்பும் பரிமாறி, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தான். பின்கட்டில் டிக் நின்றுவிட்டது. எதிரே உட்கார்ந்தான். யாரும் சாப்பிடவில்லை. ஆனாலும் ஒரு ஆள் சாப்பிட்டு எழுகிற நேரம் வரை அவன் அசையவில்லை.

பிறகு இலையை மடித்து எடுத்துப் பின்கட்டுச் சுவருக்கு அப்பால் போட்டான்.

சாயங்காலம் காரில் ஏறியதிலிருந்து ஸ்யாமளா பேசிக்கொண்டே வந்தாள். ஆறாம் வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். சோணைமுத்து என்று ஒரு வாண்டு பெஞ்சுக்கு அடியிலேயே உட்கார்ந்து பாடம் கேட்டதாம். காளவாசல் திருப்பத்தில் பேச்சை நிறுத்தினாள்.

"அனந்து, இன்னிக்கு... கேட்டுதா?"

அவன் இடது கையை மடியில் மூடி வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பினான்.

"வெயிலே இல்லையே மன்னி. எப்படிக் கேக்கும்?"

"அதானே," என்றாள் ஸ்யாமளா. விட்ட இடத்திலிருந்து சோணைமுத்து கதையைத் தொடர்ந்தாள்.