பக்கத்து மூலக்கூறின் தலை

ஆராய்ச்சிக்கூடத்தில் 'படிகக்காரி' என்று கேட்டால் இரண்டாம் மாடிக்கு வழிகாட்டுவார்கள். புரதத்தைப் பொறுமையாகப் படிகமாக்கி, அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்த அணு எங்கே நிற்கிறது என்று சொல்வது அவள் வேலை. முதல் மாடியில் 'கரைசல்காரி'. அதே புரதத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன் மொத்த உருவத்தை அளப்பவள். மேல்மாடிக்காரி அண்ணி, கீழ்மாடிக்காரி நாத்தனார். இதைக் கேள்விப்படுகிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒத்துப்போகுதா?" என்பார்கள். எட்டு வருடமாக ஒத்துத்தான் போனது.

இந்த மாதம்தான் தகராறு. அதுவும் எண்களால் வந்தது.

அவர்களுடைய புரதத்துக்கு இரண்டு பகுதிகள். பெரியதை உடல் என்பார்கள், சிறியதைத் தலை. நடுவில் கயிறு மாதிரி ஓர் இணைப்பு. அது ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருப்பதால் படிகத்தில் கண்ணுக்கே அகப்படாது. தலை உடலின்மேல் மடங்கிக் கிடக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன் படிகக்காரி கட்டுரை வெளியிட்டாள். அதிலிருந்து புரதத்துக்கு 'மடங்கி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் அவளுக்குப் பதவி உயர்வு கொடுக்கப்போகிறார்கள். வருகிற திங்கட்கிழமை குழு கூடுகிறது.

இதற்கிடையில் இரண்டு மாடி அளவுகளையும் ஒன்றாகச் சேர்த்து மடங்கியின் முழு அமைப்பை எழுதலாம் என்று உட்கார்ந்தார்கள். கணினி மாட்டவே மாட்டேன் என்றது. படிகக்கணக்கில் மடங்கியின் நீளம் ஒன்பது நானோமீட்டர். கரைசலில் பதின்மூன்று.

"உன் கரைசல்ல ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டிருக்கும். அதான் நீளமாத் தெரியுது."

"ஒட்டினதையெல்லாம் பிரிச்சு எடுத்துட்டுத்தான் அண்ணி அளந்தேன்."

"அப்ப பழசா இருக்கும்."

"அன்னைக்குக் காலைல தயார் பண்ணது அண்ணி."

படிகக்காரி அதோடு விடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கணவனிடம் நியாயம் கேட்டாள். அவன் பல் மருத்துவர். "ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் தங்கச்சி. நான் மத்தவங்களை வாயைத் திறக்கச் சொல்றவன், என்னைத் திறக்கச் சொல்லாத" என்று தட்டோடு எழுந்து போய்விட்டான்.

கடைசியில் மூன்றாவதாக ஒரு சோதனையை வைத்துப் பார்க்கலாம் என்று நாத்தனார்தான் சொன்னாள். தலையில் ஒரு சாயம், உடலில் ஒரு சாயம் ஒட்டவைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு ஒளி தாவுகிறது என்று பார்ப்பது. தாவும் ஒளி குறைந்தால் தூரம் அதிகம் என்று அர்த்தம். மடங்கி உண்மையிலேயே மடங்கியிருந்தால் இரண்டு சாயங்களுக்கும் நடுவில் மூன்று நானோமீட்டர் வரவேண்டும்.

புதன்கிழமை மதியம் நாத்தனார் மாடியேறி வந்து ஒரு தாளை மேஜையில் வைத்தாள். "ஏழு வருது அண்ணி. மூணு தடவை பாத்துட்டேன்." சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இனி கரைசல்மேல் பழிபோட வழியில்லை. படிகக்காரி தன் பழைய படிகத்தைத் திரையில் திறந்தாள்.

படிகத்துக்குள் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் உடல்கள், தலைகள். இணைப்புக் கயிறுதான் தெரிவதில்லையே. ஆகவே எந்தத் தலை எந்த உடலைச் சேர்ந்தது என்று பார்க்கிறவர்தான் முடிவுகட்ட வேண்டும். அன்றைக்கு அவள் மிகக் கிட்டத்தில் இருந்த தலையை எடுத்துக்கொண்டாள். வழக்கமும் அதுதான். இப்போது சுற்றியிருந்த தலைகளை ஒவ்வொன்றாக அளந்தாள். நான்காவது தலை 6.8 என்றது. கயிறு அவ்வளவு தூரம் எட்டுமா? தாராளமாக எட்டும். அந்தத் தலையை உடலோடு சேர்த்துக் கரைசல் அளவுகளின்மேல் பொருத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்த ஒரு நிமிடம் அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. உடல் சரி, தலை சரி, அணு ஒவ்வொன்றும் சரி. பக்கத்து மூலக்கூறின் தலையை எடுத்து இந்த உடலில் வைத்து, அதை அச்சிலும் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை கழியட்டுமே என்று தோன்றியது. தோன்றவில்லை என்றால் பொய். செவ்வாய்க்கிழமை எழுதினால் குடி முழுகிவிடாது. தெரிந்தவள் கீழ்மாடியில் ஒருத்தி. அவள் வாயே திறக்கமாட்டாள். அது மட்டும் எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரிகிறது என்று யோசித்தபோது அவளுக்கே என்னவோ போலிருந்தது. மறுநாள் காலை பத்திரிகைக்குத் திருத்தக் கடிதம் எழுதி, நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நாத்தனார் நின்றபடியே படித்தாள். 'இப்பிழையைச் சமீபத்தில் கரைசல் அளவீட்டின் மூலம் கண்டுபிடித்தவர்' என்று அவள் பெயர் இருந்த இடத்தில் நிறுத்தினாள்.

"இது வேணாம் அண்ணி."

"ஏன், நீதானே கண்டுபிடிச்ச?"

"சமீபத்துல இல்ல அண்ணி. கட்டுரை போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எனக்குப் பதிமூணுன்னு வந்துச்சு."

படிகக்காரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு வருஷமா மூடி வெச்சிருந்தியா? ஏன்டி சொல்லல?"

"நீங்க கேட்டீங்க. படியில இறங்கிக்கிட்டே, 'உன் பக்கம் எல்லாம் சரியாத்தானே இருக்கு?'ன்னு கேட்டீங்க. நீங்க தப்பு பண்ணமாட்டீங்க, நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருப்பேன்னு நெனச்சேன். சரியா இருக்கு அண்ணின்னு சொல்லிட்டு, அதைத் தூக்கி உள்ள வெச்சுட்டேன்."

அப்படிக் கேட்டது படிகக்காரிக்கு ஞாபகமில்லை. ஆனால் தான் கேட்கிற விதம் அவளுக்குத் தெரியாதா என்ன. கடிதத்தில் 'சமீபத்தில்' என்பதை அடித்தாள். கட்டுரை வெளிவருவதற்கு முன்பே இந்த அளவு கையில் இருந்தது என்றும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது தன் தவறு என்றும் ஒரு வரி சேர்த்தாள். நாத்தனார் தடுப்பதற்குள் அனுப்பியும் விட்டாள்.

"திங்கட்கிழமை அண்ணி..." என்றாள் நாத்தனார்.

"அது கெடக்கட்டும். இந்த மாதிரி வேற ஏதாவது தூக்கி வெச்சிருக்கியா?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"எடுத்துட்டு வா."

அவள் இறங்கிப் போனாள். ஒரு தாளோடு வருவாள், மிஞ்சினால் இரண்டு என்று படிகக்காரி காத்திருந்தாள். கால்மணி நேரம் கழித்து நாத்தனார் வந்தபோது கதவைத் தள்ள அவளுக்குக் கை ஒழியவில்லை. தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.