வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு கூறு

அந்த இருளர் குடியிருப்பில் மொத்தம் பதினெட்டு குடிசை. அதில் குண்டான பிள்ளை ஒன்றே ஒன்றுதான். பாஞ்சாலியின் மகள் அம்சா, வயது பதின்மூன்று. பாஞ்சாலி விறகுக் குச்சி மாதிரி இருப்பாள். இருமி இருமியே செத்துப்போன அவள் புருஷன் முனியனும் அப்படித்தான் இருந்தான். இதுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இத்தனை சதை என்று கேட்காத வாய் அங்கே கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கேலியோடு நின்றிருந்தால் பாஞ்சாலி தாங்கியிருப்பாள். அறுப்பு முடிந்ததும் திருப்புலிவனத்து வயல்களில் எலி வளை வெட்டப் போவது அவர்கள் வழக்கம். பிடித்த எலியையும், வளைக்குள் அது சேர்த்துவைத்த நெற்கதிரையும் ஒரே இடத்தில் கொட்டுவார்கள். பெரியவர் வேதகிரி தலைக்கு ஒன்றாகக் கூறு போடுவார். படுத்துக்கிடக்கிற நோயாளிக்கும் கூறு உண்டு. கர்ப்பிணி இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் தனியாக ஒன்று உண்டு. எதை வேண்டுமானாலும் பொறுப்பார்கள், ஒளித்துவைத்துத் தின்பதை மட்டும் பொறுக்கமாட்டார்கள். அந்தப் பழியைத்தான் பாஞ்சாலியின் தலையில் கட்டினார்கள்.

2006-ஆம் வருஷம் தை மாதம். பாஞ்சாலிக்கு முன்னால் ஒரே ஒரு கூறு இருந்தது.

"எம் பொண்ணுக்கு எங்க பெரிப்பா?"

"அது எங்கியோ துன்னுக்கினுதான கீது. அதுக்கு இன்னாத்துக்குக் கூறு?" என்றார் வேதகிரி.

"எனக்குத் தெரியாம எங்க துன்னுது? சொல்லு."

"ஒனக்குத் தெரியாமலா?"

பாஞ்சாலி அந்த ஒரு கூறை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு களையெடுக்கப் போகிறவர்கள் அவளைக் கூப்பிடுவதை விட்டார்கள். அடிபம்பில் அவள் குடத்தோடு நின்றால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். தனியாகவே கூலிக்குப் போனாள், தனியாகவே திரும்பினாள்.

கொடுமை அதுவல்ல. பத்துப் பேர் ஒன்றையே சொன்னால் பெற்றவளுக்கும் புத்தி பிசகும். பாஞ்சாலிக்கே சந்தேகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்சாவை நிறுத்தி வாயை மோந்து பார்த்தாள். பாயை உதறினாள், பையைக் கொட்டினாள். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததால் சந்தேகம் இன்னும் வளர்ந்தது. சோற்றைப் பாதியாக்கினாள். சத்துணவு சமைக்கிற சொக்கம்மாளிடம் போய், "எம் பொண்ணுக்கு முட்டை வெக்காதக்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அம்சா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருஷம் போயிற்று. அந்த உடம்பு ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை.

அடுத்த மாசியில் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் நின்றிருந்த அம்சா மயங்கி விழுந்தாள்.

அதே வாரம் காவாந்தண்டலத்தில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். பாஞ்சாலி மகளை நடத்தியே கூட்டிப்போனாள். டாக்டர் திலகா இளவயசுக்காரி, நிதானமாகப் பேசுகிறவள். அம்சாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"ரத்தமே இல்லையே. ஒழுங்கா சாப்பிடறாளா?"

"குண்டாத்தானம்மா கீறா."

"குண்டா இருக்கறது வேற, வயிறு நிறையச் சாப்பிடறது வேற. பட்டினி போட்டியா?"

பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து வரிசையாகக் கேள்வி கேட்டு எழுதினாள். இவள் வயிற்றில் இருந்தபோது என்ன வேலை செய்தாய் என்று கேட்டாள். பாஞ்சாலி சொன்னாள். அப்போது குடியிருப்பில் பல பேரைப் போல அவளும் ரைஸ் மில்லில்தான் கிடந்தாள், நெல் அவிக்கிற பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலை. படுக்கையும் அங்கேயே. மழைக்காலத்தில் உமி நனைந்து எரியாது, பழைய டயரை வெட்டிப் போடச் சொல்வார் மேஸ்திரி. கரும்புகை கொட்டகைக்குள்ளேயே சுற்றும். வலி எடுத்த நாள்வரைக்கும் அங்கேதான் இருந்தாள்.

பேனாவை வைத்துவிட்டு டாக்டர் சொன்னாள்: "கர்ப்பத்துல சிகரெட் பிடிச்ச பொம்பளைங்களோட குழந்தைங்க, பின்னால குண்டாகறது அதிகம்னு வெளிநாட்டுல பார்த்திருக்காங்க. நீ சிகரெட் பிடிக்கல. ஆனா நீ இழுத்ததும் புகைதானே. அதனாலதான் இப்படின்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இருக்கலாம். பட்டினி போட்டா இது சரியாகாது, அது மட்டும் நிச்சயம்."

அதுவரை சும்மா இருந்த அம்சா கேட்டாள், "எனக்குப் பொறக்கற புள்ளைக்கும் வருமா?"

"தெரியலம்மா," என்றாள் டாக்டர்.

திரும்பி வருகிற வழியெல்லாம் பாஞ்சாலிக்கு நெஞ்சு எரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு கூறு என்பது அவர்கள் குலத்துச் சட்டம். மில்லில் சோற்றிலே அந்தக் கூறு கிடைக்கவில்லை. புகையிலே மட்டும் ஒருநாள் தவறாமல் கிடைத்திருக்கிறது. தன் மூக்காலேயே இழுத்து இழுத்து ஊட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளையைத் திருடி என்று நினைத்தோமே என்று வாய்விட்டு அழுதாள். அம்சா பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

குடியிருப்புக்கு வந்ததும் நேராக வேதகிரியிடம் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"பொகயத் துன்னா ஒடம்பு வரும்னா, மில்லுல கெடந்த நாங்கல்லாம் யானையா ஆயிருக்கணுமே," என்றார் அவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாஞ்சாலி திரும்பிக் குடிசைக்கு நடந்தாள். ஒரு வருஷமாக அவளும் அந்தப் பக்கத்தில்தானே நின்றிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் உலை வைத்தாள். தட்டு நிறையச் சோறு போட்டு, கடையில் வாங்கிய முட்டையை அவித்து மேலே வைத்து, மகள் முன்னால் நகர்த்தினாள்.

"துன்னுடி. ஒம் மேல ஒரு தப்பும் இல்ல."

"எனக்குத் தெரியும். ஒனக்குத்தான் தெரில," என்றாள் அம்சா.

அவள் குரலில் கோபம்கூட இல்லை. பாஞ்சாலி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அம்சா அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு சாப்பிட்டாள்.