அளந்துட்டுச் சொல்லலாம்

ப்ரீசர் பெட்டியின் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு பிரதீப் அறை அறையாகப் போய் வந்தான். ப்ளக் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. அவன் அப்பாவைத் தூக்கி வந்த ஆட்கள் கூடத்து நடுவில் நின்றபடி மயிலாத்தாளைப் பார்த்தார்கள். வீட்டுக்காரிக்குத் தெரியாமலா இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. அவள் இந்த வீட்டை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் வாசலோடு திரும்பிவிட்டாள்.

"அம்மா, சுவிச்சு எங்க?"

"எனக்கெப்படிறா தெரியும்?"

தெரிந்தவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். தங்கதுரை நினைத்தபோதெல்லாம் இங்கே வந்து சுவரைத் தட்டுவார், கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்பார், மழை நாளில் வந்து ஓடு ஒழுகுகிறதா என்று அண்ணாந்து நிற்பார். ப்ளக் எங்கேயென்று அவரையே கேட்டுவிடலாம் என்று மயிலாத்தாள் திரும்பியும் விட்டாள். பிறகுதான் நினைவு வந்தது.

நேற்றுச் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் உடம்பைக் கொண்டுவந்தபோது வேறொரு சங்கடம். கொழிஞ்சாம்பாறையில் அவர்கள் வாடகைக்கு இருந்தது மாடியில். படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. பெட்டி ஏறாது. தெருவில் நின்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது சைனுதீன் ராவுத்தர் வந்தார். தங்கதுரை வாங்குவதாக இருந்த பழைய வீடு அவருடையது. பூட்டிக் கிடந்தது. ராவுத்தர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"அவரு ஊட்டுக்கே கொண்டு போலாம், வாங்க."

பத்திரம் ஆகவில்லை, பால் காய்ச்சவில்லை. ஆனாலும் எல்லோரும் அவர் பின்னால் நடந்தார்கள்.

கடைசியில் ராவுத்தரே வந்து கதவுக்குப் பின்னாலிருந்த ப்ளக்கைக் காட்டினார். பெட்டி உறுமத் தொடங்கியது.

தங்கதுரைக்கு வீட்டைவிட வீட்டின் தெற்குப் பக்கத்தின்மேல்தான் கண். அவர்கள் குடும்பத்தில் இறந்தவர்களைச் சொந்தத் தோட்டத்தின் தெற்கு மூலையில் எரிப்பதுதான் வழக்கம். கிணறு வற்றி, தோட்டத்தை விற்று, மாடிக்குக் குடிவந்த பிறகு அந்த நினைப்பு அவரைப் பிடித்து ஆட்டியது. "சொந்த மண்ணுல வெக்கோணும், அவ்ளோதான்" என்பார். தன் சிதைக்கு இடம் பார்த்துவிட்டு வீடு வாங்குகிற மனுசனை மயிலாத்தாள் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கோயமுத்தூரில் மகன் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட் கிடைத்தால் போதும் என்பது அவள் ஆசை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

"அளந்துட்டுச் சொல்லலாங்க" என்றாள்.

நியாயமான பேச்சுதான். பழைய வீடு, வேலி எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் நகர்ந்ததோ. அடுத்த தோட்டத்துத் தனபால் வேறு, தெற்கே பத்தடி தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். தாலுக்காவிலிருந்து சர்வேயர் வந்து அளக்கட்டும், குறை ஏதுமில்லை என்றால் வாங்கலாம். சர்வேயர் வருவதற்கு மாசக்கணக்கில் ஆகுமென்று அவளுக்குத் தெரியும். அதற்குள் மனுசனுக்கு ஆசை தணிந்துவிடும், இல்லாவிட்டால் அளவில் ஏதாவது குறை வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் இன்றைக்கு வந்தார்.

தேதி கிடைத்ததையே எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். ஜோஜோ என்ற அந்த நடுவயதுக்காரர் பைக்கை நிறுத்திவிட்டுத் தோள்பையோடு பந்தலுக்குள் வந்தார். யாரோ நாற்காலி போட்டார்கள், ஒருவர் டீ கொடுத்தார்.

"தங்கதுரை சேட்டன்..." என்று மலையாளம் கலந்த தமிழில் ஆரம்பித்தார் ஜோஜோ.

"உள்ளதான் இருக்காருங்க. போய்ப் பாருங்க."

உள்ளே போய்ப் பார்த்தார். செருப்பு வாசலில் கிடக்க, டீ டம்ளர் கையில் இருக்க, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு மயிலாத்தாள் பக்கம் குனிந்தார்.

"சேச்சி, எனக்கு அறியாது. நான் வேற நாள் வரட்டே?"

"போகாதீங்க சாரே" என்று ராவுத்தர் தடுத்தார். அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "அவர இங்கயே வெச்சுக்கலாம் அம்மிணி. எனக்கு முழுச் சம்மதம். ஆனா அந்த எடம் தன்னுதுன்னு தனபால் நாளைக்குப் பஞ்சாயத்துல போயி நின்னா நமக்குத்தான் அசிங்கம். சாரு அளக்கட்டும். அளந்துட்டுச் சொல்லலாம்."

அவளுடைய பேச்சு அவர் வாயிலிருந்து வந்தது.

பிரதீப் ஓடி வந்தான். "எதுக்கும்மா இதெல்லாம்? சித்தூர் சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போயிரலாம். இங்க வெச்சா இந்த ஊட்ட வாங்கித்தான் ஆகோணும். அப்பா இல்லாம இந்த ஊடு நமக்கெதுக்கு?"

"வாங்கறதெல்லாம் பொறவு தம்பி" என்றார் ராவுத்தர். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் வேறொருவர் பிணம் எரிந்த இடத்தை அப்புறம் யார் வாங்குவார்கள்? அது அவருக்கும் தெரியும், மயிலாத்தாளுக்கும் தெரியும்.

"அளக்கட்டும்" என்றாள்.

ஜோஜோ டேப்பையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு தெற்கே போனார். துக்கத்துக்கு வந்திருந்த தனபால் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். அளக்கும்போது அவனும் கூட இருந்தாக வேண்டும்.

மாடி வீட்டுக்குக் கீழே குடியிருந்த ரோசி, பெரிய பாத்திரத்தில் கஞ்சியோடு வந்து மயிலாத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், "அக்கா, அடுப்படி எந்தப் பக்கம்?" என்றாள். மயிலாத்தாள் ஒரு கதவைத் திறந்தாள், அது குளியலறை. இன்னொன்றைத் திறந்தாள், அதில் பழைய கட்டில்கள் அடுக்கிக் கிடந்தன. கணவன் செத்த அன்றைக்கு அடுப்படியைத் தேடி அலைகிறோமே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. ரோசி பயந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுப்படி கிடைத்தது. அதன் ஜன்னல் தெற்கே பார்த்திருந்தது. ஜோஜோ குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. சாமி, இடம் இந்த வீட்டுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இருந்துவிட்டால் இந்த வீட்டில் தனியாக எப்படிக் காலம் தள்ளுவது என்று நினைத்ததும், வேண்டாம் சாமி என்றாள். அப்படியென்றால் இவர் யாரோ ஊர்ப்பட்டவர்களோடு வரிசையில் காத்திருந்து எரிய வேண்டுமே. மறுபடியும் முதல் வேண்டுதலுக்கே வந்தாள். எதைக் கேட்டோம், எதைத் திருப்பிக் கேட்டோம் என்று அவளுக்கே குழம்பிப்போயிற்று.

ஜோஜோ ஜன்னலுக்கு வந்தார்.

"ரெண்டு தடவ அளந்நாச்சு சேச்சி. எல்லாம் கரெக்டு. தெக்கே இந்த வேலிதான் உள்ளே கேறி வந்திருக்கு. இடம் இந்த வீட்டோடதுதான்."

அவருக்குப் பின்னால் தனபால் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். "நானும் பாத்தனுங்க அக்கா. என்ர வேலிய நானே பிரிச்சுக்கறனுங்க. அண்ணன வெய்யுங்க."

குறையென்று ஒன்றுமே இல்லை. இத்தனை மாதமும் அவள் எதிர்பார்த்த குறை அந்த மண்ணில் இல்லவே இல்லை. அந்தப் பத்தடியும் இந்த வீட்டுடையதுதான் என்று தங்கதுரை கண்ணால் பார்த்துச் சொன்னதுதான் அளவிலும் வந்தது. வேண்டாங்க என்று ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார். சரியென்று சொல்லியிருந்தால் நேற்றைக்கு இந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு டீ குடித்திருப்பார். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதாள்.

பிரதீப் அவள் தோளைத் தொட்டான். "என்னம்மா செய்யறது?"

"இங்கயே வெய்யுங்க."

"அப்பறம் நீ?"

"நானும் இங்கதான்."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தெற்கே புதரை வெட்டினார்கள். விறகு வண்டி வந்தது. பெட்டியைத் திறந்து, குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசினார்கள். சொந்தக்காரப் பெண்கள் கடைசியாகச் சுற்றி வந்தார்கள்.

"நேரமாச்சுங்க. எடுத்தரலாமுங்களா?" என்றார் ஒருவர். ஆட்கள் நாலு பக்கமும் குனிந்தார்கள்.

மயிலாத்தாள் சட்டென்று எழுந்து வெளியே நடந்தாள். மயங்கி விழப்போகிறாள் என்று பெண்கள் பின்னாலேயே ஓடினார்கள். அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே தெற்கு வேலிக்குப் போனாள். எடுக்கும்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்த ஜோஜோ டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னொருக்கா அளக்கோணுங்க."

"எல்லாம் சரியாணு சேச்சி. ஒரு மாற்றமும் வராது."

"தெரியுமுங்க. இருந்தாலும் இன்னொருக்கா அளந்துருங்க. அளந்து முடிக்கறவரைக்கும் எடுக்க வேண்டாமுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

ஜோஜோ அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற பிரதீப்பைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து டேப்பை வெளியே எடுத்தார். யாரும் சொல்லாமலேயே தனபால் வந்து அதன் நுனியை வாங்கிக்கொண்டு வேலியோரமாக நடக்க ஆரம்பித்தான், மிக மெதுவாக. பிரதீப் போய்ச் சொன்னதும், கூடத்தில் குனிந்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டு, நிமிர்ந்து, சுவரோரமாகத் தள்ளி நின்றார்கள்.