நூற்றுப் பதின்மூன்றாவது ஃபிரேம்

காலை ஒன்பது மணிக்கு அண்ணி வந்து பார்த்தபோது படம் வடிக்கும் வேலை நூற்றுப் பன்னிரண்டாவது ஃபிரேமோடு நின்றிருந்தது. மூன்றாவது நாளாக அதே இடம். நூற்றுப் பதின்மூன்றைக் கையில் எடுத்த கணினி எதுவானாலும், ஐந்து நிமிடத்தில் நினைவகம் போதவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சுருண்டு விழுந்தது.

அந்த அனிமேஷன் கூடத்தில் அவளை அண்ணி என்று கூப்பிடாதவர் கிடையாது. உண்மையில் அந்த உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவள் கணவனின் தங்கை. கதாபாத்திரங்களை அசைய வைப்பது நாத்தனாரின் வேலை. அசைந்ததற்கு ஒளியும் நிழலும் சேர்த்து முழுப் படமாக வடிக்கும் ரெண்டர் வேலை அண்ணிக்கு. நாத்தனார் நாள் முழுக்கக் கூப்பிட்டதில் அலுவலகத்துக்கே தொற்றிக்கொண்டு, பத்து வயது மூத்த இயக்குநரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணி, நாலு மணிக்கு இந்த ஷாட் எடிட்டிங்குக்குப் போகணும்," என்றார் அவர், நின்றபடியே. "வரலைன்னா நூத்திப் பன்னெண்டோட வெட்டிடுவோம். ரயில் போயிடுச்சு, பிளாட்பாரத்துல கூட்டம் நிக்குது. கதை புரிஞ்சுடும்."

புரிந்துவிடும்தான். ஆனால் நூற்றுப் பதின்மூன்றில்தான் வட்டக் கண்ணாடி போட்ட சிறுமி தலையைத் திருப்பத் தொடங்குகிறாள். இரண்டே விநாடி, நாற்பத்தெட்டு ஃபிரேம். அதற்கு நாத்தனார் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தாள்.

"என் உசிரைக் குடுத்துத் தலையைத் திருப்பினேன் அண்ணி. உங்க மெஷின் என்னடான்னா அதைப் பாத்ததும் மயக்கம் போடுது."

"உன் வேலையைப் பாத்தா யாருக்குத்தான் மயக்கம் வராது? போய் உக்காரு. நான் பாக்கறேன்."

அண்ணிக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நினைவகம் என்பது ஒரு மேசை மாதிரி. ஒரு ஃபிரேமை வடிக்கத் தேவையான உடல், உடை, முடி, துணியின் நிறம் எல்லாவற்றையும் கணினி அதன்மேல் பரப்பியாக வேண்டும். இங்கே மேசையின் அளவு அறுபத்து நான்கு ஜிபி. நூற்றுப் பன்னிரண்டுக்கு முப்பத்தெட்டு போதுமானதாக இருந்தது. இரண்டு ஃபிரேமையும் முன்னோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சிறுமியின் தலை ஒரு மயிரிழை திரும்பியிருந்தது. வேறொன்றும் மாறவில்லை. ஒரு மயிரிழைக்கு எப்படி மேசையே நிரம்பும்?

கூட்டத்தின்மேல்தான் முதல் சந்தேகம். இடது பாதியை நீக்கிப் பார்த்தாள். கணினி விழுந்தது. வலது பாதியை நீக்கினாள். அதற்கும் விழுந்தது. கடைசியில் வெறும் பிளாட்பாரத்தில் சிறுமியைத் தன்னந்தனியாக நிறுத்தினாள். அப்போதும் கணினி ஐந்து நிமிடத்தில் விழுந்தது. ஒற்றைச் சிறுமி அறுபத்து நான்கையும் விழுங்கிவிட்டாள்.

"இவ என்ன சாப்பிடறா?" என்று அண்ணி தனக்குள் கேட்டுக்கொண்டாள். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. சாப்பாட்டுப் பையை அவள் திறக்கவே இல்லை.

சிறுமியின் முடியை எடுத்தாள். விழுந்தது. சட்டையை, செருப்பை எடுத்தாள். பயனில்லை. தலையையே எடுத்தாள். எட்டு ஜிபியில் படம் சமர்த்தாக வந்தது. தலையை வைத்து, மூக்குக்கண்ணாடியை மட்டும் கழற்றினாள். அப்போதும் வந்தது.

கண்ணாடி! மிளகளவு சில்லு. அதில் என்ன இருக்க முடியும்? அதில் ஒன்றும் இல்லை, அதில் தெரிவதில்தான் ஏதோ இருக்கிறது என்று சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. எப்போதும் கேமராவின் கண் வழியாகவே காட்சியைப் பார்த்துப் பழகியவள், முதல்முறையாகச் சிறுமியின் கண் இருக்கும் இடத்தில் போய் நின்று, கேமராவைப் பார்க்கத் திரும்பினாள்.

கேமராவுக்குப் பின்னால் நூற்று முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

"வாலு, இங்க வா." வீட்டுப் பட்டப்பெயர் வாய்தவறி வந்துவிட்டது. "யாருடி இவங்க எல்லாம்?"

நாத்தனார் திரையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ. இவங்க என் ஆளுங்க அண்ணி. இந்தப் பொண்ணு பாக்கற இடத்துல யாரும் இல்லைன்னா எனக்கு இவ கண்ணுல உயிர் வராது. அதான் படத்தை விட்டு வெளிய போற கூட்டத்தை அங்க நிக்க வெச்சு, நடுவுல இவ அப்பாவை நிறுத்தினேன். படத்துல தெரியக் கூடாதுன்னு மறைச்சுட்டேனே!"

"கேமராவுக்கு மறைச்சே. கண்ணாடிக்கு மறைச்சியா?"

மறைக்கவில்லை. சோதனை ஓட்டங்களில் வேகத்துக்காகப் பிரதிபலிப்பை அணைத்து வைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நூற்றுப் பதின்மூன்றில் கண்ணாடி அந்தக் கோணத்துக்கு வந்ததும், ஒவ்வொருவரும் தொண்ணூறாயிரம் மயிரோடும் பொத்தானோடும் மேசைமேல் வந்து விழுந்திருக்கிறார்கள்.

'பிரதிபலிப்பில் தெரியட்டும்' என்ற ஒரே ஒரு டிக்கை எடுத்தால் தீர்ந்தது. அண்ணி எடுத்தாள். முப்பத்தொன்பது ஜிபியில் ஃபிரேம் வந்தது. நாத்தனார் கையைத் தட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு, திரைக்கு அருகே குனிந்தாள்.

"குருடி மாதிரி இருக்காளே அண்ணி."

இருந்தாள். கண்ணாடியில் சாம்பல் நிறம் மட்டும் படிந்திருந்தது. தலை திரும்பியது, பார்வை எங்கும் போய்ச் சேரவில்லை. மணி ஒன்றரை.

அண்ணி திரையில் கண்ணாடியைப் பெரிதாக்கி, அதன் படப்புள்ளிகளை எண்ணினாள். குறுக்கே நாற்பது புள்ளி. நாற்பது புள்ளிக்குள் நூற்று முப்பது பேர் என்றால் ஒருவர் முகத்துக்கு ஒரு புள்ளிகூட வராது. ஒரு புள்ளிக்கு எதற்குத் தொண்ணூறாயிரம் மயிர்? எல்லார் முடியையும் சிரைத்தாள். இமை, நகம், பொத்தான் போயின. துணியின் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாள். பிறகு நூற்று முப்பது உடலுக்குப் பதில் ஆறு உடலை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னாள். நடுவில் நின்ற அப்பாவை மட்டும் தொடவில்லை.

"எல்லாரையும் மொட்டை அடிச்சுட்டீங்களே!" நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உனக்கும் அடிச்சிருப்பேன், கைவசம் கத்தி இல்ல."

நாற்பத்து மூன்று ஜிபி. நூற்றுப் பதின்மூன்று வந்தது. பதினான்கு வந்தது. மற்ற வேலைகளை நிறுத்தி எல்லாக் கணினிகளையும் இதற்கே திருப்பிவிட்டாள். நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நூற்று அறுபதும் வந்து சேர்ந்தது.

இயக்குநர் இந்த முறை உட்கார்ந்து பார்த்தார். ரயில் போனது. கூட்டம் நின்றது. சிறுமி திரும்பினாள். கண்ணாடியில் ஏதோ மங்கலாக நகர்ந்தது, நடுவில் ஒன்று மட்டும் நகராமல் நின்றது. இயக்குநர் மறுபடி ஓட்டச் சொன்னார்.

"அவங்கப்பா அடுத்த ஷாட்டுலதானே வர்றாரு?"

"ஆமா சார்."

"அப்புறம் எப்படி அவர் இங்கயே நிக்கற மாதிரி இருக்கு?"

அண்ணி சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, வெட்ட வேணாம்," என்று எழுந்தவர் கதவருகே நின்றார். "அவ இன்னும் ரெண்டு விநாடி அப்படியே பாக்கட்டுமே. எடிட்டர்கிட்ட நான் பேசிக்கறேன். நாளைக்குத் தர முடியுமா அண்ணி?"

அண்ணி நாத்தனாரின் பக்கம் திரும்பினாள்.

"முடியுமான்னு அப்புறம் சொல்றேன் சார். ஏய், மொதல்ல உண்மையைச் சொல்லு. இன்னும் யாரையாவது எங்கயாவது நிக்க வெச்சிருக்கியா?"

நாத்தனார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.